நாளமும் நாடியும் நெறியும்: குருதி, நிணநீர்க் கலைச்சொற்கள் குறித்த ஒரு மதிப்பீடு

உடற்கூற்றியல் கலைச்சொற்கள் பற்றிய தமிழ் விவாதங்கள் பெரும்பாலும் ‘வடசொல்லா, தமிழ்ச்சொல்லா’ என்னும் வினாவோடு நின்றுவிடுகின்றன. குருதி, நிணநீர் ஆகிய இரு மண்டலங்களுக்கான சொற்களை ஒருங்கே வைத்து நோக்கினால் அவ்வினா இரண்டாம் நிலையது என்பது புலனாகும். ஒரே சொல் தமிழகப் பாடநூலில் ஒன்றையும் இலங்கைப் பாடநூலில் வேறொன்றையும் குறிப்பதே இங்குள்ள முதற்சிக்கல்.

‘நாளம்’ இதற்குத் தக்க சான்று. தமிழகத்தில் ‘இரத்த நாளம்’ என்பது குருதி ஓடும் எல்லாக் குழாய்களுக்கும் பொதுப்பெயர். இதயத்திலிருந்து குருதியை வெளிக்கொணர்வது தமனி. இதயத்திற்குத் திரும்பக் கொணர்வது சிரை. இலங்கையிலோ முன்னது நாடி, பின்னது நாளம், பொதுப்பெயர் ‘குருதிக்கலன்’. ‘நாளங்களில் கொழுப்புப் படிந்து மாரடைப்பு உண்டாகிறது’ என்னும் தமிழகத் தொடரை யாழ்ப்பாண மாணவர் படித்தால், கொழுப்புப் படிவது சிரையில் என்றே கொள்வார். உண்மையில் அது தமனியின் நோய். ‘நாளமில்லாச் சுரப்பி’ இதனினும் விபரீதமானது. தமிழக வழக்கில் அங்கு ‘நாளம்’ சுரப்பைக் கொண்டுசெல்லும் தனிக்குழாயைக் குறிக்கும். இலங்கையார் அதனைக் ‘கான்’ என்பர். அவர்கள் பொருளில் வாசித்தால் ‘சிரையில்லாத சுரப்பி’ என்றாகிறது. அச்சுரப்பிகளின் இயக்குநீர் சிரை வழியாகவே உடலெங்கும் செல்கிறது என்பதால், சொல் உண்மையைத் தலைகீழாக்கிவிடுகிறது.

நாடி, நாளம் இரண்டும் உட்டுளையுள்ள தண்டைக் குறிக்கும் சொற்குடும்பத்தைச் சேர்ந்தவை. எது வெளிச்செல்வது, எது திரும்புவது என்பதை அவற்றின் வேர் உணர்த்தாது, வழக்கே உணர்த்துகிறது. ‘தமனி’யின் நிலை வேறு. அதன் வடமொழி வேர் ஊதுதலைக் குறிப்பது. மேலை மொழிகளில் இதே குழாய்க்கு வழங்கும் கிரேக்கச் சொல்லும் காற்றுக்குழலோடு தொடர்புடையதே. இறந்த உடலில் இக்குழாய்கள் பெரும்பாலும் வெறுமையாகத் தோன்றியமையால் அவற்றுள் காற்று ஓடுவதாகப் பழங்கிரேக்க மருத்துவர் சிலர் கருதினர். வில்லியம் ஹார்வி 1628இல் குருதிச் சுற்றோட்டத்தை நிறுவிய பின்னரும் மேலை மருத்துவம் அச்சொல்லைக் கைவிடவில்லை. சுசுருத சங்கிதை 700 சிரைகளையும் கொப்பூழிலிருந்து எழும் 24 தமனிகளையும் கூறுகிறது. அவை இன்றைய தமனி, சிரை அல்ல. பழஞ்சொல்லுக்குப் புதுப்பொருள் வகுத்துக்கொண்டோம், அவ்வளவே. ஆகவே வேரில் உள்ள பிழை சொல்லுக்கு ஊறு செய்வதில்லை. பயன்பாட்டில் உள்ள குழப்பமே செய்கிறது.

‘நாடி’க்கு ஒரு தனிச்சிறப்பு உண்டு. மணிக்கட்டில் மருத்துவர் விரல் வைத்துப் பார்ப்பது தமனியின் துடிப்பை. நாடி என்பதையே அக்குழாயின் பெயராகக் கொண்ட இலங்கை மாணவருக்கு ‘நாடித்துடிப்பு’ விளக்கம் வேண்டாத சொல். தமிழக மாணவருக்கோ நாடி ஓரிடத்திலும் தமனி வேறோரிடத்திலும் கிடக்கின்றன. வாத, பித்த, கப நாடி என்னும் சித்த மருத்துவ வழக்கோடு மயங்கும் என அஞ்சித் தமிழக நூலோர் இதனைத் தவிர்த்திருக்கலாம். அவ்வச்சம் மிகையானது என்பது என் கருத்து.

மானிப்பாயில் மேலை மருத்துவத்தைத் தமிழிலேயே கற்பித்த சாமுவேல் பிஸ்க் கிறீன் காலம் முதல் இத்தகைய தேர்வுகள் தொடர்கின்றன. ‘மனுஷ அங்காதிபாதம்’, ‘இரண வைத்தியம்’, ‘கெமிஸ்தம்’ என்னும் அவர் நூற்பெயர்களே வடமொழி, ஆங்கில மூலங்களை அவர் தயங்காது எடுத்தாண்டதைக் காட்டும். பின்வந்தோரின் ஆக்கங்கள் எல்லாம் அவ்வளவு தெளிவானவை அல்ல. ‘சோணையறை’ நன்று, காதுச்சோணையை நினைவூட்டி மூலச்சொல்லின் உருவகத்தையும் காக்கிறது. அதன் இணையான ‘இதயவறை’ அத்தகையதன்று. நான்கு அறைகளும் இதய அறைகளாக இருக்க, கீழிரண்டுக்கு மட்டும் அப்பெயர் சூட்டுவது எப்படிப் பொருந்தும்? ‘சுத்த இரத்தம், அசுத்த இரத்தம்’ என்னும் பழைய பாடநூல் வழக்கைப் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. நுரையீரல் தமனியில் ஓடுவது ஆக்சிஜன் குறைந்த குருதி என்னும் ஓர் உண்மையே அவ்விலக்கணத்தைத் தகர்க்கப் போதும்.

நிணநீர் இரு நாட்டு வழக்கும் ஒத்துக்கொண்ட அரிய சொல். ஆயினும் பொருள் நோக்கில் வியப்பளிப்பது. நிணம் என்பது கொழுப்பு. மூலமாகிய இலத்தீன் சொல்லோ தெளிந்த நீரைக் குறிக்கும். 1622இல் காஸ்பரே அசெல்லி, உணவுண்ட நாயின் குடல்தாங்கு சவ்வில் பால்வண்ண இழைகளைக் கண்டார். அவற்றை வெண்மையாக்கியது உணவின் கொழுப்பு. ஏறத்தாழ 30 ஆண்டுகளுக்குப் பின் தாமஸ் பார்த்தோலின் உடலின் பிற பகுதிகளில் கண்டது நிறமற்ற நீர். இன்றைய பெயர் அதிலிருந்து வந்தது. தமிழ்ச்சொல் பார்த்தோலினை விட்டு அசெல்லியின் பக்கம் நிற்கிறது. அதற்காக அதை மாற்றப் புகுவது வீண்வேலை. திருத்த வேண்டியது ‘நிணநீர்ச் சுற்றோட்டம்’ என்னும் தொடரை. நிணநீர் சுற்றுவதில்லை. திசுக்களிடையே முனை மூடிய நுண்குழல்களில் தொடங்கி, கழுத்தடியில் உள்ள சிரைகளில் சென்று கலப்பதோடு அதன் வழி முடிகிறது. ‘நிணநீர் வடிகால்’ என்பதே அவ்வமைப்பின் இயல்புக்கு ஒத்தது.

‘நிணநீர்ச் சுரப்பி’ என்பதும் அவ்வாறே. அவ்வுறுப்புகள் எதையும் சுரந்து குழாயில் விடுவதில்லை என்பதால் மேலை உடற்கூற்றியல் ‘சுரப்பி’ என்பதைக் கைவிட்டுக் ‘கணு’ என்னும் பொருளுடைய சொல்லை ஏற்றது. தமிழில் இரண்டும் அருகருகே நடமாடுகின்றன.

கலைச்சொல்லாளர் ஏறெடுத்தும் பாராத சொல் ஒன்று இங்குண்டு. காலில் புண் வந்தால் தொடை இடுக்கில் ‘நெறி கட்டும்’. கையில் வந்தால் அக்குளில். தேள் கொட்டியது ஓரிடம், நெறி கட்டியது வேறிடம் என்னும் வழக்கில், நிணநீர் எவ்வுறுப்பிலிருந்து எக்கணுவுக்குச் செல்கிறது என்னும் பட்டறிவு பொதிந்துள்ளது. பேச்சுவழக்குச் சொற்கள் எல்லாம் இத்தகுதி பெற்றவை அல்ல. ‘நரம்பு’ சிரையையும் உணர்வு நரம்பையும் ஒருங்கே சுட்டுவதால் ‘நரம்பூசி’, ‘நரம்புச் சுருட்டல்’ போன்றவற்றைப் பாடநூலில் ஏற்க இயலாது. நெறிக்கு அத்தகைய மயக்கம் இல்லை. வீங்கிய கணுவை மட்டுமே அது சுட்டும். நோயாளி ‘நெறி கட்டியிருக்கிறது’ என்கிறார். அவரைக் கேட்கும் மருத்துவ மாணவரின் கலைச்சொல் அகராதியில் அச்சொல்லுக்கு ஒரு பதிவு வேண்டும்.