பப்பாளிக்குத் தடை, டீக்கு அனுமதி

பத்திரிகை இணைப்பிதழில் வந்தது, மருந்துக் கம்பெனிக்காரர் அச்சடித்துக் கொடுத்தது, வாட்ஸ்அப்பில் சுற்றுவது என்று கர்ப்பிணிகளுக்கான உணவு அட்டவணைகளைக் கொஞ்ச நாளாகச் சேர்த்துக்கொண்டிருக்கிறேன். எல்லாம் ஏறக்குறைய ஒரே அச்சுதான். காலையில் குங்குமப்பூ போட்ட பால், பதினோரு மணிக்கு மாதுளை, ராத்திரி பாதாம். கீழே கட்டம் கட்டி 'தவிர்க்க வேண்டியவை'. அதில் முதல் பெயர் பெரும்பாலும் பப்பாளி.

என் புகார் அந்தக் கட்டத்தின் மேல்தான். பப்பாளி பயம் முழுப்பொய் இல்லை. சிங்கப்பூர் தேசியப் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் எலிகளை வைத்துச் செய்த ஆய்வு ஒன்று 2002-ல் வெளியானது. பழுத்த பப்பாளிச் சாறு கருப்பையைச் சுருங்க வைக்கவில்லை. காயில் வடியும் பால் சுருங்க வைத்தது. எலியில் கண்டதை அப்படியே மனுஷிக்குப் பொருத்திவிட முடியாது, சரி. காயையும் அரைப்பழத்தையும் ஒதுக்கச் சொன்ன பாட்டிமார் பேச்சில் நியாயம் இருக்கு. ஆனால் அட்டவணை காய், பழம் என்று பிரிப்பதே கிடையாது. ஆப்பிள் கட்டுப்படியாகாத வீட்டில் வைட்டமின் ஏ, சி இரண்டும் தருகிற ஒரு மலிவான பழம் ஒரே வார்த்தையில் காலி. (குங்குமப்பூவால் குழந்தை சிவப்பாகப் பிறக்காது என்பதை இன்னும் எத்தனை தடவைதான் எழுதுவதோ.)

இதைவிடப் பெரிய விஷயம் ரத்தசோகை. 2019-21 தேசியக் குடும்ப நல ஆய்வுப்படி, நாட்டில் கர்ப்பிணிகளில் 52.2 சதவீதம் பேருக்கு ரத்தசோகை. தமிழ்நாட்டில் 48.3. ஏற்கெனவே ரத்தம் குறைந்தவளுக்குப் பிரசவத்தில் ரத்தப்போக்கு வந்தால் உயிருக்கே ஆபத்து. அதற்காகத்தான் ஆரம்ப சுகாதார நிலையத்தில் 60 மில்லிகிராம் இரும்பும் 500 மைக்ரோகிராம் ஃபோலிக் அமிலமும் உள்ள மாத்திரையை 180 நாளைக்குக் கொடுக்கிறார்கள். வாங்கிப்போகிறவர்கள் எல்லாரும் சாப்பிடுவதில்லை. குமட்டும், மலச்சிக்கல் வரும், மலம் கறுக்கும். பயந்துபோய் டப்பாவை அலமாரியில் வைத்துவிடுவார்கள். நான் பார்த்த அட்டவணை எதிலும் இதைப் பற்றி ஒரு வரி கூட இல்லை. ஒன்றில் 'சத்து மாத்திரையைப் பாலுடன் சாப்பிடவும்' என்றே போட்டிருந்தது! கால்சியம் இரும்பு உறிஞ்சப்படுவதைக் குறைக்கும். அரசு வழிகாட்டுதலே இரண்டு மாத்திரைக்கும் நடுவே இரண்டு மணி நேரம் இடைவெளி விடச் சொல்கிறது. டீயும் காப்பியும் அதே வேலையைத்தான் செய்யும். சாப்பிட்ட கையோடு டீ குடிக்கிற ஊரில் அட்டவணை அதைக் கண்டுகொள்வதே இல்லை.

இன்னொன்று, இந்தத் தாள் மருமகள் கையில் போய்ச் சேருகிறது. காய்கறி வாங்குவது வேறொருத்தர். எல்லாருக்கும் பரிமாறிவிட்டு அவள் உட்காரும்போது குழம்பில் முருங்கைக்காய் இருக்காது, ரசம் இருக்கும். 'தினமும் ஒரு முட்டை' என்ற வரியை வாசிக்க வேண்டியது மாமியாரும் புருஷனும்.

என்னைக் கேட்டால் அந்தக் கட்டத்துக்குள் இப்படிப் போடுவேன்: மாத்திரை போடும் நேரத்தில் டீ, காப்பி, பால் வேண்டாம். எலுமிச்சைச் சாறோ நெல்லிக்காயோ சேர்த்துக்கொள்ளலாம். மலம் கறுத்தால் பயப்படாதீங்க, மாத்திரையை நிறுத்தாதீங்க. குமட்டல் தாங்கலைன்னா நர்ஸம்மாவிடம் கேட்டு நேரத்தை மாத்திக்கோங்க.