அப்பாவின் அணியும் மகளின் அணியும்

கூடைப்பந்து அபிமானம் என்பது அமெரிக்கக் குடும்பங்களில் பெரும்பாலும் பிதுரார்ஜிதமாக வருவது. பாஸ்டனில் பிறந்த குழந்தை செல்டிக்ஸ் அணியையும், லாஸ் ஏஞ்சலிஸில் பிறந்த குழந்தை லேக்கர்ஸ் அணியையும், யாரும் அதன் இஷ்டத்தைக் கேளாமலே வீட்டுப் பெயரோடு சேர்த்து ஏற்றுக்கொண்டுவிடுகிறது. தகப்பன் கைதட்டிய அரங்கத்திலேயே பிள்ளையும் கைதட்டும் என்பதும், பிள்ளையின் பிள்ளைக்கும் அங்கே ஓர் ஆசனம் இருக்கும் என்பதும் அந்த ஊர்களில் வாய்விட்டுச் சொல்லத் தேவையில்லாத நிச்சயங்கள். அந்த நிச்சயம் பொய்த்துப்போன ஊர் சியாட்டில். 1967-ஆம் ஆண்டு தொடங்கி 41 பருவங்கள் அங்கே ஆடிய சூப்பர்சோனிக்ஸ் அணி 2008-இல் ஓக்லஹோமா சிட்டிக்குப் பெயர்ந்து போய், தண்டர் என்று புதுப்பெயர் சூட்டிக்கொண்டது. சொந்த ஊர் அணி என்.பி.ஏ. பந்தயத்தில் ஆடுவதைக் கண்ணால் காணாத ஒரு தலைமுறை அங்கே வளர்ந்து கல்லூரி வாசலுக்கு வந்துவிட்டது. ஆனாலும் அந்த ஊரில் கூடைப்பந்துப் பித்து குறைந்தபாடில்லை. அணியே இல்லாத ஊரில் தகப்பனிடமிருந்து பிள்ளைக்கு எது கைமாறுகிறது என்பதுதான் இந்த வாரம் என் விசாரம்.

கதைகள் கைமாறுகின்றன என்பது முதலில் தோன்றுகிற விடை. சியாட்டில் தகப்பன்மாரிடம் கதைகளுக்குப் பஞ்சமில்லை. 1978 இறுதிப் போட்டியில் வாஷிங்டன் புல்லெட்ஸ் அணியிடம் ஏழாவது ஆட்டம் வரை போராடித் தோற்று, மறு வருஷமே அதே அணியை ஐந்தே ஆட்டங்களில் வென்று, லென்னி வில்கென்ஸின் பயிற்சியில் ஊருக்கு ஒரே ஒரு பட்டத்தைக் கொண்டுவந்த கதை ஒன்று. 1994-இல், 63 ஆட்டங்களை வென்று மேற்குப் பிரிவில் முதலிடம் பிடித்த அணி, எட்டாமிடத்து டென்வரிடம் முதற் சுற்றிலேயே தோற்க, டென்வரின் டிகெம்பே முடோம்போ பந்தைத் தலைக்குமேல் பிடித்தபடி தரையில் கிடந்து சிரித்த கதை மற்றொன்று. இரண்டாவது கதையைத்தான் அதிகம் சொல்கிறார்கள் என்பது என் அனுபவம். பட்டத்தைவிட அவமானம் நாவில் நெடுநாள் தங்குகிறது போலும்.

எல்லாக் கதைகளுக்கும் மேலான கதை 1996. ஜார்ஜ் கார்ல் பயிற்றுவித்த அந்த அணி 64 ஆட்டங்களை வென்று, யூட்டாவை ஏழாவது ஆட்டத்தில் நான்கு புள்ளி வித்தியாசத்தில் கடந்து, இறுதிப் போட்டியில் சிகாகோ புல்ஸை எதிர்கொண்டது. அதன் உயிர்நாடி இருவர்: கேரி பேட்டன், ஷான் கெம்ப். பேட்டன் அந்த வருஷத்தின் தலைசிறந்த தடுப்பாட்டக்காரர் என்ற விருது பெற்றவர். எதிராளியின் மார்போடு ஒட்டி நின்று, கைகளைத் தாழ்த்தி, ஆட்டம் முழுதும் வாய் ஓயாமல் சீண்டிக்கொண்டே அவனுடைய வழியை ஓர் ஓரமாகத் தள்ளிக்கொண்டு போகிறவர். பந்து கைக்கு வந்ததும் அவர் எதிர்முனைக்கு ஓடி வளையத்தருகே வெறும் காற்றில் அதை எறிவார். பார்ப்பவனுக்கு அது தவறிய எறிதல் என்று தோன்றும் கணத்தில், அடிக்கோட்டோரமாக வந்த கெம்ப் மேலெழும்பி, அந்தப் பந்தை அந்தரத்திலேயே பற்றி வளையத்துக்குள் திணிப்பார். கெம்ப் எழும்பத் தொடங்குமுன்பே பந்து பேட்டனின் கையைவிட்டுப் போயிருக்கும் என்பதைப் பழைய பதிவுகளை நிறுத்தி நிறுத்திப் பார்க்கிறவர்கள் காணலாம். அந்த இறுதிப் போட்டியில் கெம்ப்பின் சராசரி 23.3 புள்ளிகள், தோற்ற அணியில் அவர் ஆடிய ஆட்டம் வென்ற அணியில் பலர் ஆடியதைவிட மேலானது.

முதல் மூன்று ஆட்டங்களையும் சிகாகோ வென்றது. அந்த மூன்றிலும் மைக்கேல் ஜோர்டனைத் தடுக்கும் பொறுப்பைக் கார்ல் பேட்டனிடம் ஒப்படைக்கவில்லை. பேட்டனுக்குக் கெண்டைக்காலில் வலி. அவருக்குத் துணையாக நிற்கவேண்டிய நேட் மெக்மில்லன் முதுகுக் கோளாறினால் பெரும்பாலும் வெளியே உட்கார்ந்திருந்தார். அணியின் தாக்குதலையும் நடத்திக்கொண்டு ஜோர்டனையும் மறிப்பது ஒருவரால் ஆகாது என்பது பயிற்சியாளரின் கணக்கு. நான்காவது ஆட்டத்தில் அந்தக் கணக்கு மாறியது. ஜோர்டன் 19 முறை எறிந்து ஆறு முறைதான் வளையத்தில் போட்டார், சியாட்டில் 107-86 என்று வென்றது. ஐந்தாவதையும் வென்றது. ஆறாவதில் ஜோர்டன் 19-க்கு ஐந்து என்று இன்னும் தாழ்ந்தார். ஆனால் சிகாகோ 87-75 என்று ஜெயித்துப் பட்டத்தை எடுத்துக்கொண்டது. அந்த நாள் ஜூன் 16, அமெரிக்கர்கள் தந்தையர் தினமாகக் கொண்டாடும் ஞாயிற்றுக்கிழமை. மூன்று ஆண்டுகளுக்கு முன் கொலையுண்ட தகப்பனாரை நினைத்து, கோப்பை வென்ற ஜோர்டன் உடை மாற்றும் அறையின் தரையில் விழுந்து விம்மி அழுததை உலகமே தொலைக்காட்சியில் பார்த்தது. எதிரணியைச் சேர்ந்தவரானாலும், அந்தக் காட்சியைப் பிள்ளைக்குக் காட்டாத சியாட்டில் தகப்பன் அபூர்வம்.

இத்தனையும் கதைதான். கதை மட்டும் கைமாறினால் பிள்ளை ரசிகனாகிவிடுவான் என்று நான் நம்பவில்லை. அவன் அதிகபட்சம் மரியாதையுள்ள பிள்ளையாவான். அப்பா பேசும்போது தலையாட்டுவான், அப்பா வாங்கித் தந்த ஜெர்சியைப் போட்டுக்கொள்வான். ஆட்டத்தைப் பார்க்கத் தெரிந்துகொள்வதற்கு ஆட்டம் கண்முன் நடக்கவேண்டும்.

அது நடக்காமற்போன விவரத்தைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். ஸ்டார்பக்ஸ் காப்பி நிறுவனத்தின் அப்போதைய தலைவரான ஹோவர்ட் ஷுல்ட்ஸ், தம் வசமிருந்த சூப்பர்சோனிக்ஸையும், அதே ஊரின் பெண்கள் அணியான ஸ்டார்மையும், 2006-இல் 35 கோடி டாலருக்கு ஓக்லஹோமாவைச் சேர்ந்த முதலாளிகளுக்கு விற்றார். புதிய அரங்கம் கட்டித் தருவதைப் பற்றிய வழக்காடல் முற்றி, 2008 ஜூலையில் நகரம் 4.5 கோடி டாலரை ஏற்றுக்கொண்டு அணியைப் போகவிட்டது. பெயரும், பச்சையும் பொன்னுமான வர்ணங்களும் ஊரோடு தங்கவேண்டும் என்பது சமாதானத்தில் ஒரு ஷரத்து. உற்சவரை ஒருவர் தேரோடு ஓட்டிக்கொண்டு போய்விட, ஊரார் மூலவரைப் பார்த்து ஆறுதல் கொண்டதைப்போலத்தான் அது. போன அணியில் முதற் பருவம் முடித்த கெவின் டூரண்ட் என்ற இருபது வயதும் நிரம்பாத பையன் இருந்தான் என்பதை நினைத்தால், ஊராரின் வயிற்றெரிச்சல் நமக்கும் கொஞ்சம் ஒட்டிக்கொள்கிறது.

ஆனால் அந்த ஷரத்தைவிடப் பெரிய காரியம் ஒன்று அதற்குச் சில மாதங்கள் முன்பே நடந்திருந்தது. சியாட்டிலைச் சேர்ந்த நான்கு பெண்மணிகள் சேர்ந்து, ஒரு கோடி டாலருக்கு ஸ்டார்ம் அணியை விலைக்கு வாங்கி ஊரிலேயே நிறுத்திவிட்டார்கள். அப்போது அதைப் பத்திரிகைகள் பெரிய செய்தியாகக் கருதவில்லை. இன்று திரும்பிப் பார்க்கையில், அந்த ஊரின் கூடைப்பந்துப் பரம்பரையைக் காப்பாற்றியது அந்தக் கொள்முதல்தான் என்று நான் துணிந்து சொல்வேன்.

கோயம்புத்தூரில் பி.எஸ்.ஜி. கோப்பை ஆட்டங்களைப் பார்த்து வளர்ந்து, மென்பொருள் உத்தியோகத்துக்காக ரெட்மண்ட் பக்கம் குடியேறிய என் நண்பர் ஒருவர், 1996 ஆட்டங்கள் முடிந்தபின் பேட்டனின் பக்தராகவே ஆகிவிட்டவர். அவருடைய மகள் சிறுமியாயிருந்தபோது, சூப்பர்சோனிக்ஸ் டிக்கெட் விலை கட்டுப்படியாகாததால், ஸ்டார்ம் ஆட்டத்துக்கு அழைத்துப் போவார். அதே அரங்கம், அதே பச்சை, விலையோ சொற்பம். ஆண்கள் அணி போனபின் அவர் ஒரு வருஷம் கூடைப்பந்தைத் தொடுவதில்லை என்று விரதம் பூண்டார். விரதத்தை முறித்தவள் மகள். "அப்பா, சூ பேர்ட் இங்கேதானே இருக்காங்க?" என்று அவள் கேட்டதற்கு அவரிடம் பதில் இல்லை.

ஸ்டார்மின் ஆட்டக்காரரான சூ பேர்டைப் பார்த்துத்தான் அந்தப் பெண் ஆட்டம் பார்க்கக் கற்றாள். பேர்டிடம் பேட்டனின் முரட்டுத்தனம் துளியும் கிடையாது. ஓட்டத்திலும் உயரத்திலும் அவரை மிஞ்சியவர்கள் எத்தனையோ பேர். ஸ்கிரீன் போட வந்த சகாவின் தோளை உரசிக்கொண்டு பேர்ட் திரும்பும்போது, வேகத்தைக் கூட்டுவார் என்று எதிராளி எதிர்பார்க்கும் அந்த இடத்தில் வேகத்தைக் குறைப்பார். அந்த அரை நொடித் தயக்கத்தில், அவரை மறிப்பதா, வளையத்தை நோக்கி ஓடுகிறவரைத் தொடர்வதா என்று உதவிக்கு வந்த தடுப்பாளர் தடுமாறி ஒரு காலை முன்வைப்பார். பேர்டின் கண் பந்தின் மேலோ வளையத்தின் மேலோ இராது. அந்தக் காலின் மேல்தான் இருக்கும். கால் அசைந்தவுடன் பந்து போய்விடும். அரங்கத்தில் எல்லாரும் பந்தைப் பார்க்கையில், "அந்தக் காலைப் பார்" என்று மகளின் காதில் சொன்னது நண்பர்தான். கெம்ப் எழும்புமுன் பந்தை அனுப்பிய பேட்டனிடம் அவர் கண்டுகொண்ட வித்தை அது. கொஞ்ச நாளில் மகள் அவருக்கு முன்னாலேயே சொல்லத் தொடங்கிவிட்டாள். பேர்ட் தம் வாழ்நாளில் கொடுத்த அசிஸ்ட் 3,234. பெண்கள் லீக்கில் வேறு எவரும் அதை எட்டியதில்லை. அந்த எண்ணிக்கையை ஒப்புவிப்பது சுலபம். அது எந்தச் சாதுரியத்தால் வந்தது என்பதை ஒரு பள்ளிக்கூடத்துப் பெண் விளக்கமாகச் சொன்னதைத்தான் நான் அசல் ரசிகத்தன்மை என்று மதிக்கிறேன்.

ஸ்டார்ம் 2004, 2010, 2018, 2020 ஆகிய நான்கு வருஷங்களில் பட்டம் வென்றது. அப்பாக்களின் அணி 41 பருவத்தில் ஒன்று. ஸ்டார்ம் ஆடியவற்றில் தலைசிறந்த ஆட்டம் எதுவென்று கேட்டால், இறுதிப் போட்டி எதையும் சொல்லாமல், 2018 செப்டம்பர் 4-ஆம் தேதி பீனிக்ஸ் மெர்க்குரிக்கு எதிரான அரையிறுதியின் ஐந்தாவது ஆட்டத்தைச் சொல்வேன். முந்தின ஆட்டத்தில் மூக்கு உடைந்துபோன பேர்ட், 37 வயதில், முகத்தில் கவசம் மாட்டிக்கொண்டு வந்தார். எதிரே நின்றவர் கல்லூரிக் காலத்திலிருந்து அவருடைய சிநேகிதியான டயானா டராசி. மூன்று கால்பகுதிகள் வரை பேர்டின் கை சரியாக ஓடவில்லை. நான்காவதில், அத்தனை காலம் பிறருக்குப் பந்தைக் கொடுப்பதையே தர்மமாகக் கொண்டிருந்தவர், தடுப்பாளர்கள் தாம் கொடுக்கப்போகும் பாஸை எதிர்பார்த்து ஒரு காலடி பின்வாங்கியதைக் கண்டு, கொடுக்காமல் தாமே எறிந்தார், மறுபடியும் எறிந்தார். அந்தக் கால்பகுதியில் மட்டும் 14 புள்ளிகள், ஆட்டம் 94-84. பதினாறு ஆண்டுகளாகத் தாம் கொடுத்த பாஸ்கள் எதிராளிகளின் மனத்தில் ஏற்படுத்தியிருந்த பயத்தை அவர் அன்று ஒரே தவணையில் வசூலித்துக்கொண்டார் என்பது என் வாசிப்பு.

அதற்கு அடுத்த மாதம் அதே அரங்கத்தில், கோல்டன் ஸ்டேட்டும் சாக்ரமென்டோவும் ஆடிய காட்சி ஆட்டத்துக்கு, டூரண்ட் ஷான் கெம்ப்பின் பழைய ஜெர்சியை அணிந்து வந்து நிற்க, கூட்டம் கூரை அதிர ஆர்ப்பரித்தது. 2022 ஆகஸ்டில் சியாட்டிலில் ஜமால் கிராஃபர்ட் நடத்திய கோடைக்கால லீக்கில் லெப்ரான் ஜேம்ஸ் ஆட வருகிறார் என்று கேள்விப்பட்டு, குழந்தைகளோடு பெற்றோர்கள் மணிக்கணக்கில் வரிசையில் நின்றார்கள்; கூட்டத்தின் வெப்பத்தில் ஆடுதளம் வியர்த்து வழுக்கத் தொடங்கியதால் ஆட்டம் இரண்டாம் கால்பகுதியிலேயே நின்றுபோயிற்று. இவற்றை ஏக்கத்தின் அடையாளங்களாகப் பத்திரிகைகள் எழுதின. ஏக்கம் உண்டு, மறுக்கவில்லை. ஆனால் 2022 ஆகஸ்ட் 7-ஆம் தேதி, பேர்டின் கடைசி உள்ளூர் லீக் ஆட்டத்துக்கு 18,100 பேர் வந்து நிரப்பினார்களே, அதற்கு ஏக்கம் என்று பெயரில்லை.

2025 ஜூன் மாதம், பழைய சூப்பர்சோனிக்ஸான தண்டர் அணி, ஏழாவது ஆட்டத்தில் இண்டியானாவை 103-91 என்று தோற்கடித்துப் பட்டம் வென்றபோது, நண்பர் தொலைக்காட்சியை அணைத்துவிட்டு மாடிக்குப் போய்விட்டாராம். மகள் கடைசி வரை பார்த்தாள். தண்டரின் ஷே கில்ஜியஸ்-அலெக்ஸாண்டர் வேகத்தைக் குறைத்துத் தடுப்பாளரின் காலைக் கட்டிப்போடும் விதம் பேர்டை நினைவூட்டுகிறது என்று மறுநாள் எனக்கு எழுதியிருந்தாள். அவளுக்கு ஓக்லஹோமா மேல் கோபமில்லை. கோபப்படுவதற்கு அவளிடமிருந்து யாரும் எதையும் பறிக்கவில்லை.

தகப்பனும் மகளும் இன்றும் சண்டையிடுவது 1996-ஐப் பற்றித்தான். பழைய பதிவுகளை முழுவதும் பார்த்துவிட்ட மகளின் வாதம்: முதல் மூன்று ஆட்டங்களில் ஜோர்டனின் சராசரி 31, பேட்டன் மறித்தபின் 23.7, கார்ல் முதல் நாளே பேட்டனை நிறுத்தியிருக்க வேண்டும். "அவர் காலைப் பாரும்மா, அந்தக் காலோட முதல் நாளே ஜோர்டன்கிட்ட விட்டிருந்தா ஆறாவது ஆட்டமே நடந்திருக்காது" என்பது தகப்பனின் வாதம். இருவரும் என்னிடம் மத்தியஸ்தம் கேட்டார்கள். ஆறாவது ஆட்டத்தில் பேட்டன் தம் கடமையைப் பூரணமாகச் செய்தும் அணி 12 புள்ளியில் தோற்றதே, அன்று சிகாகோவின் டென்னிஸ் ராட்மன் பிடித்த 19 ரீபவுண்டில் 11 அவர் அணியே தவறவிட்ட எறிதல்களிலிருந்து வந்தவை, அவரைக் கெம்ப்பும் மற்றவர்களும் வளையத்தடியிலிருந்து முதுகால் தள்ளி நிறுத்தாததுதான் தோல்வியின் காரணம், ஜோர்டனை யார் மறித்தார் என்பது இரண்டாம்பட்சம் என்று நான் தீர்ப்புச் சொன்னேன். கெம்ப்பைக் குறை சொன்ன குற்றத்துக்காகத் தகப்பனும் மகளும் அந்தக் கணமே ஒரு கட்சியாகிவிட்டார்கள்.