வெயிலுக்கு அசராத வெள்ளை

நெய்வேலி வெயிலில் மொட்டுக் காளான் வெளியில் கிடந்தால் சீக்கிரமே பழுப்பேறிவிடும். பால் காளானோ அசராது. தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகத்தின் ‘ஏபிகே 2’ ரகம் 30–35 டிகிரி சூட்டிலும் விளையும். தடித்த தண்டை ஒடித்தால் ‘மளுக்’கென்று ஒரு சத்தம், எனக்கு அவ்வளவு பிடித்தது. உள்ளே நார் நாராகப் பிரியும் வெள்ளைச் சதை, லேசான ஈரமண் வாசனை. காளானில் ஏறக்குறைய பத்தில் ஒன்பது பங்கு நீர்தான். அதைக் காப்பது பறிக்கிற கையின் பக்குவம். இழுக்காமல் மெல்லத் திருகியெடுத்து, அடிமண்ணைச் சீவி, கழுவாமல் துளையிட்ட பையில் போட வேண்டும்.

சேமிப்புக்கு ஓசோன் வாயுவையும் பயன்படுத்துகிறார்கள். மேற்பரப்பிலுள்ள கிருமிகளைக் கொன்றுவிட்டு ஆக்சிஜனாக மாறிவிடும் நாசூக்கான வேலை அது. அளவு மீறினால் காளானின் நிறமே கெடும். வீட்டுக்கு அதெல்லாம் வேண்டாம். காகிதத்தில் சுற்றி ஃபிரிட்ஜில் வையுங்கள், சமைக்கும்போது மட்டும் கழுவுங்கள்.