டோன்சிச்சுக்கு என்ன விலை?

ஆட்டத்துக்கு சராசரியாக 33.9 புள்ளி. 2023-24 என்.பி.ஏ. கூடைப்பந்துப் பருவத்தில் புள்ளிக் குவிப்பில் முதலிடம் பிடித்த லூகா டோன்சிச், அதே பருவத்தில் டல்லாஸ் மேவரிக்ஸை இறுதிச் சுற்றுக்கும் கொண்டுபோனார். எட்டு மாதம்கூட ஆகவில்லை, 2025 பிப்ரவரியில் அவரை லேக்கர்ஸுக்குத் தள்ளிவிட்டார்கள். அப்போது அவருக்கு வயது 25. பதிலுக்கு வந்தது 31 வயது ஆன்டனி டேவிஸ், இளம் வீரர் மேக்ஸ் கிறிஸ்டி, 2029-ன் முதல் சுற்று டிராஃப்ட் உரிமை (புது வீரரைத் தேர்ந்தெடுக்கும் உரிமை) ஒன்று.

சந்தை நிலவரம் தெரியாமல் இதை எடைபோட முடியாது. 2024 கோடையில் மிக்கல் பிரிட்ஜஸுக்காக நியூயார்க் நிக்ஸ் கொடுத்தது ஐந்து முதல் சுற்று உரிமைகள். அருமையான ஆட்டக்காரர்தான், ஆனால் அதுவரை ஒரு தடவைகூட ஆல்-ஸ்டார் ஆகாதவர். அதற்கு இரண்டு வருஷம் முன்பு ரூடி கோபேருக்கு மினசோட்டா நான்கு உரிமைகளும், கூடவே ஒரு கும்பல் வீரர்களையும் கொடுத்தது. டோன்சிச்சுக்கு ஒன்றே ஒன்று!

டல்லாஸின் மேலாளர் நிகோ ஹாரிசன் சொன்ன காரணம், தடுப்பாட்டம்தான் கோப்பை தரும் என்பது. டோன்சிச்சின் உடற்கட்டு பற்றிய முணுமுணுப்பு, கிறிஸ்துமஸ் அன்று பட்ட கெண்டைக்கால் காயம், அடுத்து கொடுக்க வேண்டிவரும் சுமார் 34.5 கோடி டாலர் ஒப்பந்தம் எல்லாம் நிஜமான கவலைகளே. விற்க முடிவெடுத்தார், சரி. யார் யாரிடம் விலை கேட்டார்? லேக்கர்ஸின் ராப் பெலிங்காவிடம் மட்டும். மாட்டுச் சந்தையில் துண்டுக்கடியில் விரல் பிடித்துப் பேசினாலும், மாடு விலைக்கு நிற்பது சந்தைக்கே தெரியும். இங்கே மற்ற அணிகள் ஏறக்குறைய எல்லாவற்றுக்கும் செய்தி வந்தது பேரம் முடிந்த பிறகுதான். லேக்கர்ஸிடம் 2031-ன் உரிமையும் கொடுக்கும் நிலையில் இருந்தது. போட்டிக்கு ஆளில்லாததால் பெலிங்கா அதைத் தொடவே விடவில்லை.

டேவிஸ் சாதாரண ஆளல்ல. டல்லாஸுக்காக ஆடிய முதல் ஆட்டத்திலேயே, ஹூஸ்டனுக்கு எதிராக 26 புள்ளி, 16 ரீபவுண்ட். அதே ஆட்டத்தின் மூன்றாவது கால்பகுதியில் தொடை இடுக்கில் காயம், ஆறு வாரம் ஓய்வு. அவருடைய காய வரலாறு ஒன்றும் ரகசியமில்லை. ஏப்ரலில் டல்லாஸ் அரங்குக்கே எதிரணியாக வந்த டோன்சிச் 45 புள்ளி எடுத்தார்.

அடுத்த மாதம் வெறும் 1.8 சதவீத வாய்ப்பில் டிராஃப்டின் முதல் தேர்வுக்கான குலுக்கல் டல்லாஸுக்கு விழுந்து, இளம் வீரர் கூப்பர் ஃப்ளாக் கிடைத்தார். இதை ஹாரிசனின் வரவுக் கணக்கில் எழுதுகிறவர்கள் உண்டு. எனக்கு ஒப்புதல் இல்லை. டல்லாஸ் நிர்வாகமும் எழுதவில்லை போலும்: நவம்பரில் அவரை வேலையிலிருந்து நீக்கிவிட்டது.