ஆசானும் கோலும்: நன்னூற் பொதுப்பாயிரத்தை முன்வைத்து ஒரு நோக்கு

கல்விக்கூடங்களில் ஒழுங்கு குலைந்துவிட்டது என்ற முறைப்பாடு எழும்போதெல்லாம் எம்மிடையே இரண்டு விடயங்கள் ஒருசேர நினைவூட்டப்படுவது வழக்கம். ஒன்று பிரம்பு, மற்றையது மரபு. ‘அடியாத மாடு படியாது’ என்னும் பழமொழி, எமது முன்னோரின் கல்விக் கொள்கை முழுவதையும் தன்னுள் அடக்கியது போன்று எடுத்தாளப்படுகின்றது. ஏரில் பூட்டிய மாட்டுக்கும் அதனை ஓட்டுபவனுக்கும் இடையிலான உறவு, மாணவனுக்கும் ஆசிரியருக்கும் இடையிலான உறவாக எவ்வாறு மாற்றமுற்றது என்று வினவுவோர் சிலரே. பிரம்புக்குச் சான்றாக அழைக்கப்படும் மரபு உண்மையில் யாது கூறுகின்றது என்பதைத் தமிழரின் கல்விக் கோட்பாட்டு நூலாகவும் கொள்ளத்தக்க நன்னூற் பொதுப்பாயிரத்தின் துணைகொண்டு ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

நன்னூல் 13 ஆம் நூற்றாண்டளவில் சமண முனிவராகிய பவணந்தியாரால், சீயகங்கன் என்னும் சிற்றரசனின் வேண்டுகோளுக்கு இணங்க இயற்றப்பட்டது. ஈழத்துத் தமிழ்க் கல்வி மரபில் அது பெற்ற இடம் விதந்து கூறத்தக்கது. 1848 இல் வண்ணார்பண்ணையில் சைவப்பிரகாச வித்தியாசாலையை நிறுவிய ஆறுமுக நாவலர் (1822–1879) அதற்குக் காண்டிகையுரை வகுத்தார். ஆகவே, எமது மரபு எது என்ற வினாவுக்கு நன்னூலை ஒரு சாட்சியாக அழைப்பது பொருத்தமுடையதே.

பொதுப்பாயிரம் மாணாக்கரைப் பற்றிப் பேசுவதற்கு முன்னரே ஆசிரியரைப் பற்றிப் பேசுகின்றது. நல்லாசிரியருக்கு நிலம், மலை, நிறைகோல், மலர் ஆகியவற்றை ஒப்பாகக் கூறுகின்றது. அதனோடு அமையாது ஆசிரியராகும் தகுதியற்றோர் யாவர் என்பதையும் தனியாக வகுத்துரைக்கின்றது. பொறாமை, பேராசை, வஞ்சம் என்பவற்றோடு, கேட்போர் அஞ்சும்படி பேசுதலும் அங்கு தகுதியின்மையாக எண்ணப்படுகின்றது. கற்பிக்கும் முறையைக் கூறுமிடத்தும், ஆசிரியன் விரைதலும் வெகுளுதலும் இன்றி, முகமலர்ச்சியோடு, கொள்வோனின் ஆற்றலை அறிந்து, கோணாத மனத்தினனாய் நூலைக் கொடுத்தல் வேண்டும் என்றே விதிக்கப்படுகின்றது. அப்பகுதியில் பிரம்புக்கு இடமில்லை. அச்சுறுத்திப் பேசுபவனையே ஆசிரியர் வரிசையிலிருந்து விலக்கும் ஒரு நூல், அடிப்பவனுக்குச் சான்றாக நிற்குமென எதிர்பார்ப்பது பொருந்தாது.

எனினும், இதனைக் கொண்டு நன்னூலை இற்றைக்கால மாணவர் உரிமைச் சாசனமாகப் போற்றிவிடுதலும் விமரிசன நேர்மையாகாது. மாணாக்கன் பாடங்கேட்கும் முறையைக் கூறும்போது நூலின் தொனி மாறிவிடுகின்றது. இருக்கச் சொன்னால் இருக்கவும், சொல்லச் சொன்னால் சொல்லவும், போகச் சொன்னால் போகவும் வேண்டிய அவன், எழுதிய சித்திரம் போன்று அடங்கியிருத்தல் வேண்டும். செவியே வாயாகவும் நெஞ்சே கொள்கலனாகவும் கொண்டு அவன் கேட்டல் வேண்டும். வழிபாட்டு முறையைக் கூறுமிடத்து, நெருப்பிற் குளிர்காய்பவனைப் போன்று ஆசானை மிக அணுகாமலும் மிக விலகாமலும் ஒழுகுமாறு பணிக்கப்படுகின்றான். இவ்வுவமை ஆழ்ந்து நோக்கத்தக்கது. திருக்குறளில் ‘மன்னரைச் சேர்ந்தொழுகல்’ என்னும் அதிகாரம் இதே உவமையுடன் தொடங்குகின்றது. அங்கு அரசனுக்கு முன்னால் அமைச்சன் நிற்க வேண்டிய நிலை, இங்கு ஆசானுக்கு முன்னால் மாணாக்கன் நிற்க வேண்டிய நிலையாகின்றது. அரசவையின் அதிகார உறவு பாடசாலைக்குட் புகுந்தமையை இதனிலும் தெளிவாகக் காட்டும் சான்று அரிது.

நூல் கற்பிக்கப்படுவதற்கு உரியோர் பட்டியலும் இதனையே வலியுறுத்துகின்றது. தன் மகன், தன் ஆசானின் மகன், அரசனின் மகன், பொருளை மிகுதியாக வழங்குவோன் ஆகியோருக்கு அதில் இடமுண்டு. நிலமானிய சமுதாயத்தில் கல்வி யாருக்குரிய சொத்தாக இருந்தது என்பதற்கு வேறு சான்று வேண்டியதில்லை. நோயாளியும் மாணாக்கராகத் தகாதோருள் ஒருவனாக எண்ணப்படுகின்றான். இந்நோக்கில் மிகப் பெரிய தண்டனை, வாயிலுக்கு வெளியே நிறுத்தப்படுதலே ஆகும்.

ஆயின், நன்னூல் ஒரே குரலில் பேசும் நூலன்று. ஆசான் மகிழும்படி ஒழுகவேண்டும் என்று கூறும் அச்சூத்திரமே, அவ்வொழுக்கம் அறத்தின் வழியிலிருந்து பிறழாததாய் இருத்தல் வேண்டும் என்ற வரையறையையும் விதிக்கின்றது. அதாவது ஆசானுக்கு மேலாக அறம் நிறுத்தப்படுகின்றது. அவ்வாறே, ஆசான் உரைத்ததை முழுமையாகக் கொண்டாலும் மாணாக்கன் பெறுவது புலமையின் காற்பங்கேயாகும் எனவும், உடன் பயில்வோரோடு பழகுவதால் இன்னொரு காற்பங்கும், பிறருக்கு எடுத்துரைப்பதால் எஞ்சிய அரைப்பங்கும் கிட்டும் எனவும் அது கூறுகின்றது. வினாவுதலும் வினாவியவற்றுக்கு விடை கூறுதலும் கற்கும் முறைகளாக எண்ணப்படுகின்றன. சித்திரம் போன்று அடங்கியிருப்பவன் வினாவுவது எவ்வாறு? அதிகாரத்தைப் பற்றிப் பேசும்போது அரசவையையும், அறிவைப் பற்றிப் பேசும்போது அனுபவத்தையும் சார்ந்து நிற்பதால் எழுந்த முரண்பாடு இது. பிற்காலத்தார் முதற்குரலையே மரபு எனக் கொண்டனர்; இரண்டாவது குரல் மனனஞ் செய்யப்பட்டதோடு அமைந்துவிட்டது.

இதற்கான காரணம் நூலின் அமைப்பிலேயே உள்ளது எனலாம். ஆசான் வெகுளலாகாது என்று விதிக்கும் நூல், அவன் வெகுண்டால் மாணாக்கன் எவரிடம் முறையிடுவது என்பதைக் கூறவில்லை. கொடுங்கோன்மையையும் வெருவந்த செய்தலையும் கடிந்துரைக்கும் திருக்குறளும், அரசனை விசாரிக்கும் மன்றம் ஒன்றைக் காட்டவில்லை. நற்பண்பை எதிர்பார்ப்பது வேறு. பொறுப்புக்கூற வைப்பது வேறு. முன்னையது இருந்து பின்னையது இல்லாத இடத்தில், நன்னூலை மனனஞ் செய்வித்த திண்ணைப் பள்ளிக்கூடத்திலேயே மாணவனைக் கயிற்றில் தொங்கவிடும் கோதண்டமும் இருக்க முடிந்தது.

பொறுப்புக்கூறல் என்பது நவீன கல்வி நிருவாகத்தோடு வந்தது உண்மையே. ஆனால், அது முதலிற் கருவூலத்துக்குப் பொறுப்புக்கூறலாகவே வந்தது. 1862 இல் இங்கிலாந்தில் றொபேட் லோ கொண்டுவந்த திருத்தச் சட்டக்கோவை, வாசிப்பு, எழுத்து, எண் ஆகியவற்றில் மாணவர் அடையும் சித்திக்கேற்பப் பாடசாலைக்குப் பணம் வழங்கும் முறையை ஏற்படுத்தியது. இலங்கையில் 1869 இல் பொதுப் போதனைத் திணைக்களம் நிறுவப்பட்டதன் பின்னர் உதவி நன்கொடைப் பாடசாலைகளுக்கும் இம்முறை விரிவாக்கப்பட்டது. பரீட்சகரின் வருகைக்கு ஆசிரியர் அஞ்சினார்; ஆசிரியரின் அச்சம் மாணவரிடம் இறங்கியது. பாடசாலைப் பரிசோதகராகவும் விளங்கிய கவிஞர் மத்தியூ ஆர்னல்ட் இம்முறை கற்பித்தலை இயந்திரமாக்குகின்றது என்று தொடர்ந்து கண்டித்தார். 1890 களில் இங்கிலாந்து இதனைக் கைவிட்டது.

கைவிடப்பட்ட இக்கொள்கை வேறு உருவில் மீண்டும் எழுந்தது. ஐக்கிய அமெரிக்காவில் 2002 இல் நடைமுறைக்கு வந்து 2015 இல் மாற்றப்பட்ட ‘எந்தப் பிள்ளையும் பின்தங்கலாகாது’ என்னும் சட்டம், பரீட்சைப் புள்ளிகள் உயராத பாடசாலைகளுக்குத் தண்டனைகளை விதித்தது. அத்லாந்தா நகரில் மாணவரின் விடைத்தாள்களைத் திருத்தியமை முதலான மோசடிகளில் 44 பாடசாலைகளைச் சேர்ந்த 178 கல்வியாளர்கள் சம்பந்தப்பட்டிருந்தனர் என 2011 இல் வெளியான மாநில விசாரணை அறிக்கை கூறியது. மேலிருந்து வரும் தண்டனைக்கு மட்டும் அஞ்சும் ஆசிரியர், மாணவரின் அறிவுக்குப் பதிலாக மாணவரின் புள்ளியையே காக்க முற்படுவார் என்பதற்கு இது தக்க சான்று. பெறுபேற்று அட்டவணைகளைக் கொண்டு பாடசாலைகளைத் தரம்பிரிக்கும் எமது நாட்டுக்கும் இப்பாடம் அந்நியமானதன்று.

இனி எமது நாட்டுச் சட்டத்தின் நிலையை நோக்குவோம். 1883 ஆம் ஆண்டின் தண்டனைச் சட்டக்கோவை, நியாயமான தற்றுணிபின்படி மாணவனை அடிக்கும் ஆசிரியர் சட்டவிரோதமான பலத்தைப் பிரயோகித்தவராகார் என்பதை ஓர் உதாரணமாகவே எழுதிவைத்தது. சிறுவர் உரிமைகள் பற்றிய சமவாயத்தை இலங்கை 1991 இல் ஏற்று உறுதிப்படுத்தியது. 2005 ஆம் ஆண்டின் 17 ஆம் இலக்கச் சுற்றறிக்கை பாடசாலைகளில் உடல்ரீதியான தண்டனையை விலக்கியது. ஆயினும் 2021 இல் உயர் நீதிமன்றம் ஒரு தீர்ப்பை வழங்கவேண்டியிருந்தது. ஆசிரியர் அறைந்ததால் மாணவன் ஒருவனின் ஒரு காது கேட்கும் திறனை இழந்த வழக்கு அது. அச்செயல் அரசியலமைப்பின் 11 ஆம் உறுப்புரை தடைசெய்யும் கொடூரமான, மனிதத்தன்மையற்ற நடத்துகை என நீதிமன்றம் கண்டது. ஆசிரியரோடு அரசும் நட்டஈட்டுக்குப் பொறுப்பாக்கப்பட்டது. கற்பவனின் செவியே வாய் என்று கூறிய மரபின் பெயரால், அச்செவியே சிதைக்கப்படுவதை நியாயப்படுத்துவோர் இத்தீர்ப்பைப் படித்தல் வேண்டும்.

பல்கலைக்கழகங்களும் இவ்விசாரணைக்குப் புறம்பானவை அல்ல. மேலோனுக்குக் கீழோன் அஞ்சவேண்டும் எனப் பாடசாலையிற் கற்றவன், பல்கலைக்கழகத்தில் ஓராண்டு மூத்தவனானதும் அதே பாடத்தைப் புதியவனுக்குக் கற்பிக்கின்றான். பகிடிவதையைத் தடைசெய்யும் 1998 ஆம் ஆண்டின் 20 ஆம் இலக்கச் சட்டம் இருந்தும் அது ஒழியாமைக்கு இதுவும் ஒரு காரணமாகும். அதனைத் தண்டிக்கும் நிருவாகமும் குற்றச்சாட்டை எழுத்தில் வழங்கி, மறுமொழி கூற வாய்ப்பளித்து, முறைப்பாட்டாளரையே நீதிபதியாக்காது, காரணங்காட்டித் தீர்ப்பளித்தல் வேண்டும். அவ்வாறன்றி வழங்கப்படும் தண்டனை, பெரியதொரு அதிகாரம் சிறியதொரு அதிகாரத்தை அடக்கியதாக மட்டுமே மாணவனுக்குத் தோன்றும்.

நெருக்கமான வகுப்பறையையும் குறைந்த வேதனத்தையும் பரீட்சை நெருக்கடியையும் சுமக்கும் ஆசிரியரை மட்டும் குற்றவாளிக் கூண்டில் நிறுத்துவது எமது நோக்கமன்று. போதிய ஆசிரியரையும் இடவசதியையும் வழங்காத நிருவாகம், அவற்றின் இன்மையைப் பிரம்பினால் ஈடுசெய்ய மறைமுகமாக அனுமதிக்கின்றது. ஆகவே, மாணவன் ஆசிரியருக்கும், ஆசிரியர் அதிபருக்கும், அதிபர் வலயப் பணிமனைக்கும் என மேல்நோக்கி மட்டும் செல்லும் பொறுப்புக்கூறல், கீழ்நோக்கியும் வருதல் அவசியமாகின்றது. மாணவனும் பெற்றோரும் அச்சமின்றி முறையிடத்தக்க ஒழுங்கு ஒவ்வொரு பாடசாலையிலும் அமைதல் வேண்டும். ஆசிரியர் தமது குறைகளை மேலிடத்துக்கு எடுத்துரைக்கும் உரிமையும் அதன் ஒரு பகுதியாக இருத்தல் வேண்டும். ஆசானுக்கு மேல் அறத்தை நிறுத்திய நன்னூல், அவ்வறத்தைக் காக்கும் மன்றத்தை அமைக்கவில்லை. அதனை அமைக்கும் கடமை எமது தலைமுறையினருடையதாகும்.