நிலைத்தளங்களின் எளிமை எங்கே இருக்கிறது

நிரல் எழுதுபவர் ஒருவர் தன் பெயரில் தொழில்நுட்ப வலைப்பதிவு தொடங்க நினைத்தால், நண்பர்கள் பெரும்பாலும் ஒரே யோசனைதான் சொல்கிறார்கள்: வேர்ட்பிரஸ் வேண்டாம், ஹ்யூகோவோ ஜெக்கிலோ போட்டுக்கொள். நானும் அந்தக் கட்சிதான். ஆனால் அதற்குக் காரணமாகச் சொல்லப்படும் "எளிமை" பாதிதான் உண்மை. வாசகருக்குப் போய்ச் சேரும் பக்கம் எளிமையானது. அதைச் செய்யும் பட்டறை அப்படியல்ல.

கிட்ஹப் நிறுவனர்களில் ஒருவரான டாம் பிரெஸ்டன்-வெர்னர் 2008-ல் ஜெக்கிலை வெளியிட்டார். கட்டுரையைச் சாதாரண உரைக்கோப்பாக எழுது, கிட்டில் சேமி, ஒரே கட்டளையில் முழுத் தளத்தையும் ஹெச்டிஎம்எல் பக்கங்களாக்கு என்பதுதான் அதன் வழி. இப்படி முன்கூட்டியே கட்டிவைத்த தளம்தான் நிலைத்தளம். 2013-ல் ஸ்டீவ் ஃபிரான்சியா கோ மொழியில் எழுதிய ஹ்யூகோ இதே வேலையை ஒற்றை நிரலாக, மிக வேகமாகச் செய்துகாட்டியது. 2003-ல் பிறந்த வேர்ட்பிரஸின் பாதை வேறு. வாசகர் கேட்கும்போது பிஹெச்பி ஓடி, டேட்டாபேஸிலிருந்து எடுத்துப் பக்கத்தைக் கட்டித் தரும். எப்போதாவது ஒரு கட்டுரை வரும் தளத்துக்கு இவ்வளவு இயந்திரம் எதற்கு என்ற கேள்வி நியாயமானது. அந்த இயந்திரத்துக்கு ஒரு லாகின் பக்கம் உண்டு. அதை இரவு பகலாகத் தட்டிப்பார்க்கும் போட்களும் உண்டு. அப்டேட் செய்யாமல் விட்ட ஒரு பிளக்இன் போதும், தளம் கைமாறிப் போக. நிலைத்தளத்தில் உடைத்து நுழைய அப்படியொரு கதவே இல்லை.

தமிழில் எழுதுபவருக்கு இன்னொரு சங்கடம். வேர்ட்பிரஸ் தலைப்பிலிருந்து பக்க முகவரியைத் தானே உருவாக்கும். ஒரு தமிழ்க் குறி யூடிஎஃப்-8 முறையில் 3 பைட். முகவரியில் அது 9 எழுத்தாக விரியும். வேர்ட்பிரஸோ இதற்கு 200 எழுத்துதான் ஒதுக்கியிருக்கிறது. மெய்யும் உயிர்க்குறியும் புள்ளியும் தனித்தனியே கணக்கில் வருவதால், "கோ மொழியில் நிரல் எழுதுவது எப்படி" என்று தலைப்பிட்டால் முகவரி "கோ-மொழியில்-நிரல்-எழுதுவ" என்று பாதிச் சொல்லில் வெட்டுப்பட்டு நிற்கும். முகவரியைக் கையால் திருத்தலாம்தான்; ஆனால் வெட்டிவிட்டேன் என்று அது சொல்லாது. ஹ்யூகோவிலும் ஜெக்கிலிலும் கோப்பின் பெயரை நாமே வைக்கிறோம், அதுவே முகவரியாகிறது.

இனி மறுபக்கம். 2019 நவம்பரில் ஹ்யூகோ 0.60 வந்தது. கட்டுரைகளை எழுதும் மார்க்டவுன் வடிவத்தைப் படிக்கும் பகுதியாக அதுவரை இருந்த பிளாக்ஃபிரைடேவுக்குப் பதில் கோல்டுமார்க் வந்தது. புதியது மார்க்டவுனின் பொதுத் தரத்தை ஒட்டி நடப்பது, நல்ல மாற்றம்தான். ஆனால் கட்டுரைக்குள் நேரடியாக எழுதிய ஹெச்டிஎம்எல்லை அது இயல்பாகவே விலக்கிவிடும். பழைய பதிவுகளில் கையால் செருகிய வீடியோக்கள், அட்டவணைகள் எல்லாம் காணாமல் போயின. கட்டளையோ வெற்றியாகவே முடிந்தது. ஹெச்டிஎம்எல் நீக்கப்பட்டது என்ற குறிப்பு அன்று பக்கத்தின் மூலநிரலைத் திறந்தால்தான் தெரிந்தது. திருத்தம் அமைப்புக்கோப்பில் ஒரே வரி. அந்த வரியைத் தேடத் தெரிந்திருக்க வேண்டும், அதற்கு முன் ஏதோ தொலைந்திருக்கிறது என்றாவது தெரிய வேண்டும்.

ஜெக்கிலுக்கும் இப்படி ஒன்று நேர்ந்தது. ஜெக்கில் எழுதப்பட்டிருக்கும் ரூபி மொழியின் 3.0 பதிப்பு, 2020 டிசம்பரில் வந்தபோது, வெப்ரிக் என்ற சிறு சர்வரைத் தன் அடிப்படைத் தொகுப்பிலிருந்து விலக்கியது. சொந்தக் கணினியில் தளத்தை ஓட்டிப்பார்க்க ஜெக்கில் நம்பியிருந்தது அதைத்தான். ஒரு வருட இடைவெளிக்குப் பின் மனதில் ஒரு கட்டுரையோடு வந்து உட்காருபவருக்கு, எழுத வேண்டிய மாலை ரூபியோடு மல்லுக்கட்டுவதில் கழியும். இதை நான் பெரிய குறையாகவே எண்ணுகிறேன். வேர்ட்பிரஸ் கொஞ்சம் கொஞ்சமாகக் கேட்கும் பராமரிப்பை நிலைத்தளம் சேர்த்துவைத்து, எழுதும் ஆசை வந்த நாளில் மொத்தமாகக் கேட்கிறது.

தப்பிக்க வழி உண்டு. ஹ்யூகோவின் எந்தப் பதிப்பில் தளம் சரியாக வந்ததோ அந்த நிரலையே எடுத்துவைத்து, அவசியம் வந்தாலொழிய மாற்றாமல் இருக்கலாம். ஒற்றை நிரல் என்பதன் உண்மையான பலன் இதுதான், வேகத்தைவிட. இணையத்தில் கிடைக்கும் பகட்டான தீம்களை விட்டு, நாமே படித்துப் புரிந்துகொள்ளக்கூடிய சிறு வார்ப்புருக்களை வைத்துக்கொள்வது நல்லது. ஹ்யூகோவுக்கே உரிய ஷார்ட்கோடு என்ற சுருக்கக் குறிகளைக் கட்டுரைக்குள் தூவத் தூவ, அந்த உரைக்கோப்பு ஹ்யூகோவுக்கு மட்டுமே புரியும் கோப்பாகிவிடும். கோப்பாக எழுதுவதன் நோக்கமே அங்கே கெட்டுப்போகிறது. சொந்த டொமைனும் முதல் நாளே வேண்டும். போஸ்டரஸ் என்ற வலைப்பதிவுச் சேவையை 2012-ல் ட்விட்டர் வாங்கி, அடுத்த ஆண்டு ஏப்ரலில் மூடியபோது, அதன் முகவரியில் எழுதியவர்களுக்குப் பதிவுகளைத் தரவிறக்க முடிந்தது. அந்தப் பதிவுகளுக்கு மற்றவர்கள் கொடுத்திருந்த இணைப்புகளை மீட்க முடியவில்லை.

மொபைலிலேயே தட்டச்சு செய்து அங்கிருந்தே வெளியிடுபவருக்கும், கட்டுரைக்குக் கீழே வாசகரோடு பேச விரும்புபவருக்கும், கிட் பழகாதவருக்கும் நான் ஹ்யூகோவைப் பரிந்துரைக்க மாட்டேன். அவர்களுக்கு வேர்ட்பிரஸ்தான் சரி. பிளக்இன்களை விரல்விட்டு எண்ணும் அளவில் வைத்துக்கொண்டால் போதும். அவ்வப்போது ஏற்றுமதிக் கோப்பை எடுத்து வைக்கும்போது ஒன்றைக் கவனிக்க வேண்டும்: அதில் எழுத்து முழுவதும் வரும், படங்கள் வராது, அவற்றின் முகவரிகள் மட்டுமே வரும். படங்கள் இருக்கும் அப்லோட்ஸ் ஃபோல்டரைத் தனியாகப் பிரதி எடுக்க வேண்டும்.