ஊரின் அளவு

பிறந்த ஊரைப் பற்றி நம்மவர் எழுதும் நினைவுக் கட்டுரைகளில், பல்லாண்டு கழித்துத் திரும்பிச் சென்றவர் கூறும் முடிவு பெரும்பாலும் ஒன்றே: வீதி குறுகிவிட்டது, குளம் சிறுத்துவிட்டது, கோயில் தாழ்ந்துவிட்டது. அவர்கள் கண்டது பொய்யன்று. குழந்தை தன் உடலையே அளவுகோலாகக் கொண்டு உலகை அளக்கிறது. அன்று முழங்காலுக்கு எட்டிய படி, வளர்ந்தவனுக்குக் காலடியில் கிடக்கிறது. ஆயினும், கோல் மாறியதை மறந்து ஊரின்மேல் குறை காணும்போது அவ்வெழுத்து பிழைபடுகிறது என்பது நம் கருத்து.

புறநானூற்றின் 243ஆம் பாட்டை எண்ணிப் பார்ப்போம். இளமையில் மருதமரக் கிளையேறி, ஆழ்ந்த மடுவில் குதித்து, அடிமணலை அள்ளி வந்ததை ஒரு முதியவர் நினைவுகூர்கிறார். இன்றோ தடியூன்றி, இருமலுக்கிடையே சில சொற்களே பேசுகிறார். அத்தடியைக் குறித்த தொடராலேயே தொடித்தலை விழுத்தண்டினார் எனப் பெயர் பெற்ற அப்புலவர், மடுவின் ஆழம் குறைந்தது என்று சொல்லவில்லை. மாறியது தாமே என்பதை அவர் அறிந்திருந்தார். அந்நேர்மையே பாட்டின் உயிர்.

காளஹஸ்தி இன்னொரு பாடம் கற்பிக்கிறது. சிலந்தி, பாம்பு, யானை மூன்றும் வழிபட்ட தலம் என்பதே அவ்வூர்ப் பெயருக்குக் கூறப்படும் பொருள். அங்கே சிலந்திக்கும் யானைக்கும் கிடைத்த பேறு ஒன்றே. நக்கீரதேவ நாயனாரின் 'கயிலைபாதி காளத்திபாதி அந்தாதி' நூறு வெண்பாக்களில் இரு தலங்களையும் மாறி மாறிப் பாடுகிறது. கண்ணப்பரின் காளத்திக் குன்று, கயிலைமலையோடு சரிபாதி பெறுகிறது. அடிக்கணக்கில் அளந்தால் இவ்விணை பொருந்தாது. அன்பால் அளந்தால் பொருந்தும்.

அவ்வூரிலேயே ஓர் இழப்பும் நேர்ந்தது. கிருஷ்ணதேவராயர் 1516இல் எழுப்பிய இராஜகோபுரம் 2010 மே 26 அன்று இடிந்து வீழ்ந்தது. அதே இடத்தில் எழுந்த புதிய கோபுரத்துக்கு 2017இல் குடமுழுக்கு நிகழ்ந்தது. பழைய கோபுரத்தைச் சிறுவயதில் அண்ணாந்து பார்த்துவிட்டுப் பின்னர்க் கடல் கடந்தவர்க்கு, அது சிறுத்துத் தோன்றும் வாய்ப்பே இல்லாமற் போயிற்று. திரும்பிச் சென்று காணும்போது ஓர் இடம் சிறுத்துத் தோன்றுவதும் ஒரு பேறுதான் என்பது இங்கே விளங்குகிறது. நாம் வளர்ந்த காலமெல்லாம் அவ்விடம் நமக்காக நின்றிருந்தது என்பதற்கு அதுவே சான்று.

இதனை எழுதுவோரும் பெற்றோரும் கருத்திற் கொள்ள வேண்டும். நம் பிள்ளைகள் புதிய கோபுரத்தின்கீழ் முதன்முறை நிற்கையில், பழையதன் பெருமையைச் சொல்லி அவர்தம் வியப்பைக் குறைத்தல் ஆகாது. அவர்களுக்கு இதுவே வானளாவியது. பழைய கோபுரத்தின் உயரத்தை நாம் எழுதிவைப்போம். அது எந்த வயதுக் கண்கள் கண்ட உயரம் என்பதையும் உடன் எழுதிவைப்போம்.